கிருஷ்ணகிரிப் பாறை ஏற முதல் கேம் வாங்கப் போகிறேன், எந்த அளவில் ஆரம்பிப்பது?

மாந்தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கிருஷ்ணகிரி, வேலை ஓசூரில் ஒரு டூல் ரூமில். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் பக்கத்து ராமநகரம் போய் போல்ட் அடித்த ரூட்களில் லீட் ஏறிக்கொண்டிருக்கிறேன், அதனால் ரோப், பிலே (ஏறுகிறவருக்குக் கீழே நின்று ரோப் பிடிப்பது), ஆங்கர் (ரோப்பைப் பாறையில் கட்டுவது) எல்லாம் கைப்பழக்கம்தான். ட்ராட், அதாவது போல்ட் இல்லாமல், ஸ்பிரிங்கில் விரிந்து வெடிப்பின் சுவரைக் கவ்வுகிற பற்களுள்ள கேமை நாமே வைத்து ஏறுவது மட்டும் இதுவரை ஒருவர் பின்னால் ஏறி அவர் வைத்ததைக் கழற்றி வந்ததோடு சரி.

நம்ம ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. ராயக்கோட்டை போகிற வழியில் ஒரு குன்று இருக்கிறது, கோட்டை மலை இல்லை, அதற்கு முன்னாலேயே வருகிற சின்னக் குன்று. அதில் 25 மீட்டர் உயரத்துக்கு நேராக ஒரு வெடிப்பு ஓடுகிறது, கீழே விரல் மட்டும் நுழைகிறது, போகப்போக உள்ளங்கை முழுக்க உள்ளே போகிறது, உச்சிக்கு நாலு மீட்டர் முன்னால் ஒரு பெரிய பலகை மாதிரி கல் சுவரை ஒட்டி நிற்கிறது, அதற்கும் சுவருக்கும் நடுவே நல்ல இடைவெளி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்து பேருந்து ஜன்னலில் பார்த்துக்கொண்டே போகிற வெடிப்பு அது. போல்ட் அடிக்க எனக்கு மனசு வரவில்லை, கேம் வைத்துத்தான் ஏற வேண்டும்.

கையில் 45 ஆயிரம் இருக்கிறது. சுங்கம், கூரியர் எல்லாம் சேர்த்தால் நாலைந்து கேமுக்கு மேல் வராது. பிளாக் டயமண்ட் கேமலாட் சி4, வைல்ட் கன்ட்ரி ஃப்ரெண்ட், டிஎம்எம் டிராகன், டோட்டம் என்று படித்துப் படித்துக் குழம்பிப்போனேன். எந்த பிராண்ட், எந்த அளவு? இன்னொருவர் தன் பழைய செட்டை ஏழு கேமாகப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

கைவெடிப்பு

தம்பி, நான் தருமபுரிக்காரன், இப்போது பெங்களூரில் இருக்கிறேன், இந்தப் பாறைகளில் கேம் வைக்க ஆரம்பித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. பிராண்டைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டாம். நீங்கள் சொன்ன நாலில் எதுவும் உங்களைக் கைவிடாது. அளவுதான் கேள்வி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரே ஜார்டின் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, 1978-இல் வைல்ட் கன்ட்ரி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஃப்ரெண்டில் பற்கள் எல்லாம் ஒரே அச்சில் சுற்றும். பல்லின் விளிம்பு மடக்கைச் சுருள் வளைவில் இருப்பதால் வெடிப்பு குறுகலோ அகலமோ, அது பாறையைத் தொடுகிற கோணம் மாறாது. அந்தக் கோணம் சின்னதாக இருந்தால் பிடி கூடும், ஆனால் ஒரு கேம் எட்டுகிற அகலம் குறையும். இரண்டு அச்சு வைத்தால் கோணத்தைக் கெடுக்காமலே அகலத்தைக் கூட்டலாம், கேமலாட்டின் சிறப்பு அதுதான், இன்றைய ஃப்ரெண்டும் டிராகனும் அதே வழிக்கு வந்துவிட்டன. நாலே கேம் வாங்குகிறவருக்கு இரண்டு அச்சுதான் சரி, ஒன்றைத் தவறாகக் கணித்தாலும் அடுத்தது பெரும்பாலும் பொருந்திவிடும்.

சி4-இல் ஊதா நிறத்து எண் 0.5 ஏறத்தாழ 20 முதல் 33 மிமீ வரை, பச்சை 0.75 என்பது 24 முதல் 41, சிவப்பு 1 என்பது 30 முதல் 52, மஞ்சள் 2 என்பது 37 முதல் 65, நீலம் 3 என்பது 51 முதல் 88. கையால் சொன்னால் மஞ்சள்தான் உள்ளங்கை சரியாகப் பூட்டிக்கொள்கிற அகலம், நீலம் அதைவிடத் தளர்வாகக் கை நிற்கிற அகலம். ஃப்ரெண்ட் வாங்கினாலும் இதே நிறம், இதே எண். டிராகனில் நிறம் ஒன்றாக இருந்தாலும் எண் வேறு, அங்கே சிவப்புக்கு எண் 3, அதனால் கடையில் எண்ணைச் சொல்லிக் கேட்டு ஏமாறாதீர்கள், நிறத்தைச் சொல்லுங்கள். டோட்டம் அருமையான சாமான், வாய் விரிந்த கோணல் வெடிப்பில் அது பிடிக்கிற மாதிரி மற்றது பிடிக்காது, ஆனால் உங்கள் வெடிப்பு நேராக இருக்கிறது என்கிறீர்கள், முதல் காசை அதில் போட வேண்டாம்.

பொதுவாக எல்லோரும் 0.5 முதல் 3 வரை ஒவ்வொன்று வாங்கு என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கீழே விரல் அளவு வெடிப்புக்கு நட், அதாவது இடுக்கில் செருகிச் சிக்கவைக்கிற உலோகத் துண்டுகள், ஒரு செட் வாங்குங்கள், ஒன்றிரண்டு கேம் காசில் முழு செட்டும் வந்துவிடும், நல்ல இடுக்கில் உட்கார்ந்த நட்டை எந்தக் கேமும் மிஞ்சாது. மிச்சக் காசுக்கு எந்தக் கேம் என்பதை வெடிப்பை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேலே போய் ரோப் கட்டி இறங்கி மீட்டருக்கு மீட்டர் அளந்து வாருங்கள்.

ஆப்பும் உளியும்

நான் பாறை ஏறுகிறவன் இல்லை, இரண்டு வருஷமாக மகன் ஏறுவதால் இங்கே வந்து படிக்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல் உடைக்கிற குடும்பம், பர்கூர் பக்கம். உச்சியில் நிற்கிற அந்தப் பலகைக் கல்லைப் பற்றி மட்டும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மகன் முதல் கேமை வாங்கி வந்து என் கையில் கொடுத்தபோது பற்களைச் சுருக்குகிற விசையை இழுத்து விட்டுப் பார்த்தேன். பார்த்ததும் இது ஆப்பு என்று சொன்னேன். கல்லில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமும் தகடு வைத்து நடுவில் ஆப்பைச் செருகி, சம்மட்டியால் முதல் ஆப்பில் ஒரு தட்டு, அடுத்ததில் ஒரு தட்டு என்று வரிசையாகப் போய்விட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்போம். அப்புறம் இன்னொரு சுற்று. அப்பா எங்களை அவசரப்பட விடமாட்டார். மூன்றாவது நாலாவது சுற்றில் உள்ளே இருந்து ஒரு சின்ன சத்தம் வரும், நகத்தைக் கிள்ளிப் போடுகிற மாதிரி. அவ்வளவுதான், லாரி ஏற்றுகிற கல் இரண்டாகிவிடும். கீழே அடிக்கிற அடி அங்கே பக்கவாட்டுத் தள்ளலாக மாறுகிறது. உங்கள் கேமும் அதே வேலையைத்தான் செய்கிறது, நீங்கள் விழுந்தால் நீங்கள்தான் சம்மட்டி.

நம்ம பக்கத்துக் குன்றுகள் வெயிலிலும் மழையிலும் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரியும். ஒட்டி நிற்கிற பலகைக் கல் பல சமயம் அப்படி உரிந்து கீழ்க்கல்லில் சும்மா சாய்ந்து நிற்பதுதான். அதற்குப் பின்னால் ஆப்பு வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஆட்களில் பத்து வயசுப் பையனுக்கும் தெரியும்.

தட்டிப் பாருங்கள். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால், இல்லை முஷ்டியால். முழுக்கல் என்றால் கைதான் வலிக்கும், கல்லில் அதிர்வே இருக்காது. ஒட்டாத கல் என்றால் பொத் என்று பானை மாதிரி சத்தம் வரும், இன்னொரு கையை அதன் விளிம்பில் வைத்திருந்தால் விரலில் அதிர்வது தெரியும். அந்த இரண்டாவது கையை மறக்க வேண்டாம், காற்றடிக்கிற இடத்தில் காது ஏமாற்றும்.

கைவெடிப்பு

ஐயா, நீங்கள் சொன்னதற்குக் கணக்கும் சேர்த்துவிடுகிறேன், தம்பி அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். ஃப்ரெண்டின் பல் பாறையைத் தொடுகிற கோணம் 13.75 டிகிரி. அந்தக் கோணத்துக்குக் கணக்குப் போட்டால் கீழ்நோக்கி எவ்வளவு இழுக்கிறோமோ அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒவ்வொரு சுவரின் மேலும் பக்கவாட்டில் தள்ளும். விழுகிறபோது கேமில் 5 கிலோநியூட்டன் வருகிறது என்று வையுங்கள், இரண்டு பக்கமும் தலா 10 கிலோநியூட்டன், அதாவது ஒரு டன் கனம் அந்தப் பலகைக் கல்லை வெளியே நெம்புகிறது. கேமின் மேல் 12 கிலோநியூட்டன் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறோம், அது கேம் தாங்குகிற அளவு மட்டும், கல் தாங்குகிற அளவு எங்கேயும் அச்சடித்து இருக்காது.

எனக்கே நடந்தது. ஏழெட்டு வருஷம் முன்னால் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இதே மாதிரி ஒட்டி நின்ற ஒரு செதில் கல்லுக்குப் பின்னால் சிவப்பு கேமை வைத்தேன், பார்க்க அவ்வளவு அழகாக உட்கார்ந்தது, கை சோர்ந்ததால் அதிலேயே தொங்கி ஓய்வெடுக்கலாம் என்று மெல்ல உட்கார்ந்தேன். செதிலின் மேல் விளிம்பிலிருந்து மாவு சலிக்கிற மாதிரி தூசி கொட்ட ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தால் கேமின் பல் முன்பைவிட அரை விரல்கடை விரிந்திருக்கிறது. விழவே இல்லை, என் உடம்பின் கனம் மட்டும்தான். காலைப் பாறையில் ஊன்றி, கனத்தை எடுத்து, ஒவ்வொரு அடியாகக் கீழே ஏறி இறங்கினேன், கீழே பிலே பிடித்த நண்பனை முதலில் ஓரமாக நகரச் சொன்னேன். இன்றைக்கும் அந்த ரூட்டில் அந்த ஆறு மீட்டரைப் பாதுகாப்பு இல்லாமல்தான் தாண்டுகிறேன், செதிலுக்குப் பின்னால் எதுவும் வைப்பதில்லை.

தீர்த்தமலை

பழைய செட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். தம்பி, ஏழு கேம் பாதி விலை என்றதும் கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. நேரில் பார்க்காமல் பணம் அனுப்பினேன், வந்த நாலில் இரண்டின் விசைக்கம்பி நார் நாராகப் பிரிந்திருந்தது, ஒன்றில் பற்களின் விளிம்பு மழுங்கித் தட்டையாகியிருந்தது, விற்றவர் பதிலே சொல்லவில்லை.

பார்க்க வேண்டியது முதலில் ஸ்லிங், கேமோடு வருகிற துணி வளையம். அதில் தைத்திருக்கிற பட்டியில் தயாரித்த வருஷம் இருக்கும். துணிப் பாகத்தைப் பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் நம்ப வேண்டாம் என்றுதான் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். ஸ்லிங் மாற்றித் தைத்துத் தருகிற வசதி நமக்குப் பக்கத்தில் இல்லை, வெளிநாட்டுக்கு அனுப்பி வாங்கினால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். அப்புறம் விசையை மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள், நாலு பல்லும் ஒன்றாகத் திரும்பி வர வேண்டும். ஒன்று தயங்கினால் செம்மண் தூசியாகவும் இருக்கலாம், அதை வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்துக் கழுவி, காயவைத்து, மெழுகு கலந்த கேம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். அச்சு வளைந்திருந்தால் தொடவே வேண்டாம். ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்துக்கான சிஇ குறியும் இஎன் 12276 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று, கேம் நடக்கும். வெடிப்பில் வைத்துவிட்டு மேலே ஏறும்போது ரோப் அசைகிற ஒவ்வொரு அசைவுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊர்ந்துபோகும், ஆழத்தில் அகலமாக இருந்தால் பல் விரிந்து நிற்கும், குறுகலாக இருந்தால் இறுகி வரவே வராது. நீங்கள் பிராண்ட் கேட்டதால் சொல்கிறேன், ஃப்ரெண்டிலும் டிராகனிலும் ஸ்லிங்கை இரண்டு மடங்காக நீட்டிக்கொள்ளலாம், சி4-இல் அது இல்லை, தனியாக நீள ஸ்லிங் கொண்டுபோக வேண்டும். சி4-க்கும் ஃப்ரெண்டுக்கும் கட்டைவிரல் வளையம் உண்டு, டிராகனுக்குக் கிடையாது. எனக்குக் கை சின்னது, வியர்வையும் அதிகம், வளையம் இல்லாமல் பிடிக்க முடியவில்லை, அதனால் ஃப்ரெண்ட் வாங்கினேன்.

வாங்கியதும் உடனே ஏறாதீர்கள். தரையில் நின்றபடி வெடிப்பின் அடியில் நூறு தடவை வைத்துப் பாருங்கள், விசையைப் பாதிக்கு மேல், முக்கால் வரை இழுத்த நிலையில் உட்கார வேண்டும், தண்டு நீங்கள் விழப்போகிற திசையைப் பார்க்க வேண்டும். வைத்ததில் ஸ்லிங் கோத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே ஏறி நின்று குதித்துப் பாருங்கள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு.

மலைத்தேனீயையும் பார்த்துவிடுங்கள். நம்ம பக்கத்துப் பாறையில் கேமைவிட முக்கியம் அது. பிதுங்கிய கல்லின் அடியில் கறுப்பாகப் பாய் தொங்குகிற மாதிரி ஒன்று தெரிந்தால் அந்த மாதம் அந்தப் பக்கமே வேண்டாம்.

மாந்தோப்பு

அண்ணா, அக்கா, ஐயா, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. போன ஞாயிறு போய்விட்டு வந்தேன். குன்றின் அடிவாரத்து ஊரில் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினோம், காட்டிலாகா எல்லைக்குள் வரவில்லை என்றும் கேட்டுக்கொண்டேன்.

வெடிப்புக்குள் வெர்னியர் அளவுகோலின் உள்வாய் ஆழமாகப் போகாது என்பதால் வெள்ளிக்கிழமையே ஷாப்பில் மரத்துண்டுகளை 20, 25, 30, 35, 40, 50, 60 மிமீ அளவுக்குச் செதுக்கி நூலில் கோத்து வைத்தேன். உச்சியில் இருக்கிற முழுக்கல்லைச் சுற்றி ஆங்கர் கட்டி இறங்கினேன், நண்பன் மேலே நின்று எழுதிக்கொண்டான். மொத்தம் 17 இடம் அளந்தேன். கீழே ஐந்து இடம் 20-க்குக் கீழே, எல்லாமே அடியில் குறுகிற இடுக்கு, அண்ணா சொன்ன மாதிரி நட்டுக்கே செய்த இடம். மேலே இருக்கிற பன்னிரண்டில் ஒன்பது இடம் 27-க்கும் 36-க்கும் நடுவில், மிச்சம் மூன்றும் 45-ஐ ஒட்டி. கீழே நின்று பார்த்தபோது முழுக்கை போகும் என்று நினைத்த இடமெல்லாம் வாய் மட்டும்தான் அகலம், ஒரு சாண் உள்ளே போனால் குறுகிவிடுகிறது. நீலம் 3 வாங்கியிருந்தால் அதை வைக்க இந்த ரூட்டில் ஒரு இடம்கூட இல்லை.

பலகைக் கல்லை ஐயா சொன்ன மாதிரி தட்டினேன். முதலில் நடுவில் தட்டினேன், ஒன்றும் தெரியவில்லை, திடமாகத்தான் இருந்தது. இடது கையை விளிம்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் தட்டினேன், விரல் நுனியில் சன்னமாக அதிர்ந்தது, ரயில் வருவதற்கு முன்னால் தண்டவாளத்தில் கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி. இன்னும் இரண்டு இடத்தில் தட்டினேன், அங்கேயும் அதேதான். பழைய செட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஸ்லிங் பட்டியின் படம் கேட்டேன், 2011 என்று இருந்தது.

இப்போது கேள்வி இதுதான்: ஃப்ரெண்ட் பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, கூடவே நட் செட் ஒன்று. ஒரே நிறத்தில் இரண்டு வாங்குவது சரியா?

கைவெடிப்பு

சரிதான். ஒன்பது இடம் ஒரே அகலத்தில் இருக்கும்போது வேறு நிறம் எதற்கு? 36-ஐ ஒட்டிய இடங்களில் பச்சை ரொம்ப விரிந்து நிற்கும், அங்கே மட்டும் சிவப்பை வையுங்கள், மஞ்சளை 45-க்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பலகைக் கல்லுக்கு முன்னால் கடைசியாக இரண்டு சாமான் அடுத்தடுத்து வைத்துவிட்டு இடது பக்கச் சரிவில் வெளியேற முடியுமா பாருங்கள். முதல் நாலைந்து தடவை மேலே ரோப் கட்டிக்கொண்டே ஏறி, ஏறும்போதே கேமையும் வைத்துப் பழகுங்கள். தீபாவளி மழை முடிந்து பாசி காயட்டும், நான் கார்த்திகைக்கு ஊருக்கு வரும்போது சொல்கிறேன், நீங்கள் வைத்ததை நான் பின்னால் ஏறிக் கழற்றிப் பார்க்கிறேன்.

மாந்தோப்பு

வாருங்கள் அண்ணா, காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடலாம், ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பக்கம் வெயில் நேராக விழுகிறது. பர்கூர் ஐயாவும் முடிந்தால் வர வேண்டும், அந்தக் கல்லை நீங்கள் ஒரு தடவை தட்டிப் பார்த்தால் எனக்குத் தைரியமாக இருக்கும். மேலே போக பின்பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் நடக்கிற பாதை இருக்கிறது, கயிறு தேவையில்லை.

ஆப்பும் உளியும்

வருகிறேன் தம்பி. மகனையும் கூட்டி வருகிறேன். சின்னச் சுத்தியல் ஒன்று எடுத்து வருவேன், தட்டிப் பார்க்க மட்டும்.