முயலுக்கு ரத்தத்தூள், போட்டிச் சாணி கலக்கலாமா?

பண்ருட்டிக்காரன்:
கடலூர் பக்கம் கறிக்கடைகளில் ஞாயிறுதோறும் ஆட்டு ரத்தம், போட்டி (ஆட்டின் இரைப்பை, குடல்) கழுவும்போது கொட்டும் சாணி, கோழிக் குடல் எல்லாம் சும்மாவே கிடைக்குது. கடலைப் பிண்ணாக்கு விலை கட்டுப்படியாகல. 40 சோவியத் சின்சில்லா ரக முயல் இருக்கு. ரத்தத்தைக் காயவைச்சுத் தூளாக்கிப் போட்டால் புரதத்துக்கு ஆகுமா? குடலை வேகவைச்சுக் கொடுக்கலாமா?

தீவனக்கலவை:
குடலை மறந்துடுங்க. குடலோடு சேர்ந்து வரும் கோழியின் தீவனப்பையில் (தின்ற தீனி தங்கும் பை) மிச்சமிருக்கும் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்குப் போடும் சாலினோமைசின் இருக்கலாம். கோழிக்கு மருந்து, முயலுக்கு விஷம். கறிக்கோழித் தீவனத்தையே முயலுக்குப் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

ரத்தத்தூளில் 80 சதவீதம் புரதம் உண்டு, உண்மைதான். ஆனால் நாற்றத்துக்கே முயல் தட்டை விட்டு விலகிடும். மீறித் தின்றால் செரிக்காத புரதம் குருட்டுக்குடலுக்குப் போய்க் கெட்ட கிருமியை வளர்க்கும். இன்னொன்று, கறிக்கும் பாலுக்கும் வளர்க்கும் பிராணிகளில் கோழி, பன்றி, மீன் தவிர மற்றவற்றுக்கு மாடு, பன்றியின் ரத்தத்தூள், எலும்புத்தூள் போடக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. கடை வாளியில் எந்த ரத்தம் எதோடு கலந்ததுன்னு யார் பார்த்தது?

வில்லியனூர் முயல்:
உருப்படியானது போட்டிச் சாணி மட்டும்தான். அது பாதி செரித்த புல், தழை; முயலுக்கு வேண்டிய நார் அதில் இருக்கு. கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை வைத்த ஆட்டிலிருந்து, வெட்டிய அன்றைக்கே எடுக்கணும். அடைப்பான் போன்ற நோய் சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம்.

முதலில் கையால் கிளறிப் பாருங்க. தெருவில் மேய்ந்த ஆடாக இருந்தால் கேரிபேக் துண்டு, சணல் கயிறு கட்டாயம் வரும். பொறுக்கிய பிறகு துணியில் பிழிந்து, அரை மணி நேரம் கொதிக்கவைத்து, தார்ப்பாயில் விரல் பருமனுக்கு மேல் போகாமல் பரப்புங்க. சித்திரை வெயிலில் மூன்று நாள் போதும். கையில் நொறுக்கினால் சத்தத்தோடு உடையணும். வளைந்தால் ஈரம் இருக்கு. 10 கிலோ ஈரச் சாணிக்கு ஒன்றரை, இரண்டு கிலோதான் மிஞ்சும்.

பண்ருட்டிக்காரன்:
ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன பண்றது சார்?

வில்லியனூர் முயல்:
விட்டுடுங்க. மழைக்காலத்தில் காயவைத்தால் பூஞ்சணம் நிச்சயம், அதன் நச்சு முயலின் ஈரலைத்தான் முதலில் அடிக்கும். அந்த ரெண்டு மாசத்துக்கு வேலிமசால், முயல்மசால், அகத்தி மாதிரி பசுந்தீவனம் போதும்.

தீவனக்கலவை:
10 கிலோ கலவைக்கு அளவு: மக்காச்சோளம் இரண்டரை கிலோ, கோதுமைத் தவிடு 2.8, கடலைப் பிண்ணாக்கு ஒன்றரை, உளுந்துப் பொட்டு 2, காய்ந்த சாணி 1, தாது உப்பு 150 கிராம், சாதா உப்பு 50. புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும். வளர்ந்த முயலுக்கு நாளுக்கு 100 முதல் 150 கிராம், கூடவே பசுந்தீவனம். குட்டிகளுக்கும் சினை முயலுக்கும் சாணி கலக்காத தீவனமே போடுங்க.

ஒரேயடியாக மாற்றாதீங்க. முதல் வாரம் கலவையில் சாணி 3 சதவீதம், பிறகு 6, பிறகு 10. முயல் விடியற்காலையில் ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும் மென்புழுக்கை, திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும், அது கூண்டுக் கம்பியில் ஒட்டிக் கிடந்தால் புரதம் மிஞ்சிப் போச்சுன்னு அர்த்தம். பின்பக்கம் சளி போல ஒழுகினால் கலவையை அன்றே நிறுத்திக் காய்ந்த புல் மட்டும் போட்டு டாக்டரைக் கூப்பிடுங்க.