புதுப்பிப்பு: 'லிட்டில் ரெட் வேகன்' பிளாஸ்டிக் மாடல், இன்ஜின் வரை வந்தாச்சு

'லிட்டில் ரெட் வேகன்' என்பது முன் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பேர் வாங்கிய அமெரிக்கப் பந்தய வண்டி, ஒரு 1965 டாட்ஜ் ஏ100 பிக்கப். அதன் 1:25 அளவு மாடல் கிட்டைப் பிரித்ததாகப் போன பதிவில் எழுதியிருந்தேன். முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வண்டி எப்படித் திரும்பும் என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் அதற்குப் பதில்: பின் சக்கரங்களின் பிரேக்கை இடம், வலம் தனித்தனியாகப் பிடித்துத்தான். ஸ்டியரிங் அந்த நேரத்தில் சும்மா அலங்காரம்!

426 ஹெமி (426 கன அங்குல வி8) இன்ஜினை டிரைவருக்குப் பின்னால் வைத்ததால் எடை பின்பக்கம் போய்விட்டது. வேகமாக ஓட்டத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மூக்கு மேலே எழுந்துவிட்டது. கூட்டம் அதைத்தான் ரசித்தது. அதன் ஓட்டுநர் பில் கோல்டன் அதையே வித்தையாக்கிப் பல வருடங்கள் ஓட்டினார்.

சரி, மாடலுக்கு வருவோம். கேபினுக்கு வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு), மேலே மெல்லிய பூச்சாகச் சிவப்பு. சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் இந்தச் சிவப்பு மங்கித்தான் தெரியும். சேஸிஸ் வெறும் கறுப்பு, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ரொம்ப நேரம் பிடித்தது பிளக் வயர். ஹெமியில் ஸ்பார்க் பிளக், வால்வு கவரின் (இன்ஜினின் மேல்மூடி) நடுவிலேயே இறங்கும். ஆகவே கவருக்கு நான்கு துளை, மெல்லிய கம்பி, ஒவ்வொன்றையும் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) வரை வளைத்து ஒட்ட வேண்டும். இன்ஜின் மறைவில்லாமல் தெரியும் வண்டி என்பதால் இதை விட மனசில்லை.

டெக்கல் (எழுத்து, படம் உள்ள ஒட்டுத்தாள்) இன்னும் ஒட்டவில்லை. பளபளப்புப் பூச்சு (gloss coat) நன்றாகக் காயட்டும், அப்புறம் படம் போடுகிறேன்.