வழுக்கையாற்றங்கரையில நடைபாதை போட யோசிக்கிறம், எப்பிடிப் போடுறது?

வாசிகசாலைப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கந்தரோடைப் பக்கம். எங்கட வாசிகசாலைக் கொமிற்றியில கதைச்சு ஆத்தங்கரையோட ஒரு ரெண்டு கிலோமீற்றருக்கு நடக்கவும் பிள்ளையள் சைக்கிள் ஓடவும் பாதை போடுவம் எண்டு முடிவெடுத்திருக்கிறம். பின்னேரத்தில வயசான ஆக்கள் மெயின் றோட்டில பஸ்சுக்கும் மோட்டச்சைக்கிளுக்கும் ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்கினம். யாழ்ப்பாணக் குடாநாட்டில ஆறு எண்டு சொல்ல இருக்கிறது இது ஒண்டுதான், தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில கடலேரியில விழுமட்டும் கிட்டத்தட்ட 16 கிலோமீற்றர், ஆனா மாரியில மட்டும் ஓடுறபடியால் எங்கட பிள்ளையள் கனபேர் இதைக் குப்பை கொட்டுற வாய்க்கால் எண்டுதான் நினைச்சிருக்குதுகள், எனக்கு அது சரியான கவலை.

வெளிநாட்டில இருக்கிற ஊர் ஆக்கள் காசு தாறம் எண்டினம். அவை கேக்கிறது ரெண்டு கரையையும் மூண்டடி உயர்த்தி கொங்கிறீற் போட்டு மேல இன்ரலொக் கல் பதிச்சு நெடுக லைற். எனக்கு மனம் ஒப்பேல்லை, ஆனா ஏனெண்டு அவைக்கு விளக்கத் தெரியேல்லை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மதகடி:
தம்பி, மூண்டடி உயர்த்தினா நீங்கள் கட்டுறது அணைக்கட்டுத்தான். எங்கட நிலம் தட்டை, வயலில நிக்கிற வெள்ளம் கரை நெடுக வழிஞ்சுதான் ஆத்துக்குள்ள இறங்கும், அதை மறிச்சா வயலுக்கையும் அங்கால வீட்டு வளவுக்கையும் நிக்கும். 2008 நவம்பர் நிஷா புயலுக்கும் 2020 டிசம்பர் புரெவிக்கும் தண்ணி எதுமட்டும் வந்தது எண்டு கரையோரத்து ஆக்களிட்டக் கேளுங்கோ, சுவரில கைவைச்சுக் காட்டுவினம். அதுகளை முதல்ல குறியுங்கோ, சேர்வேயரை அதுக்குப் பிறகு கூப்பிடலாம்.

மாரியில ஒருக்கா, பங்குனியில ஒருக்கா முழுத்தூரமும் நடவுங்கோ. ஆறு வளையிற இடத்தில வெளிவளைவைத்தான் தண்ணி அரிக்கும், அங்க பாதையை விளிம்போட வைச்சா கொஞ்சக் காலத்தில கரையோட சேர்ந்து போயிடும், அதால உள்ளுக்குத் தள்ளிக் கொண்டு போங்கோ. ஒரு பக்கம் காணும், மற்றக் கரை கொக்குக்கும் உடும்புக்கும் இருக்கட்டும். நடக்க மட்டும் எண்டா ஒண்டரை மீற்றர், சைக்கிளும் ஓடுறதெண்டா மூண்டு மீற்றர். நில மட்டத்திலயே கிறவலைப் போட்டு இறுக்கி உருட்டி, மூண்டு மீற்றர் அகலத்துக்கு ஆறு சென்ரிமீற்றர் ஆத்துப்பக்கம் சரிச்சு விட்டா தண்ணி தேங்காது. பள்ளமான இடத்தில பாதையும் பள்ளமாவே போகட்டும், அந்தத் துண்டுக்கு மட்டும் கல் பதியுங்கோ. பெருமழைக்கு நாலைஞ்சு நாள் தாண்டு கிடக்கும், பரவாயில்லை, வடிஞ்சாப் பிறகு கொத்திச் சரிபண்ணலாம்.

கொங்கிறீற்றைப் பற்றி ஒண்டு. எங்களுக்குக் கீழ இருக்கிறது சுண்ணக்கல், பெய்யிற மழை நிலத்துக்குள்ள இறங்கித்தான் கிணறு ஊறுது, கொங்கிறீற் போட்டு மூடினா அந்த இடத்தில தண்ணி இறங்காது. இதை வெளிநாட்டு ஆக்களுக்குச் சொல்லுங்கோ, அவையும் அந்தக் கிணத்தில அள்ளிக் குளிச்ச ஆக்கள்தானே, விளங்கும்.

கமக்காரன்:
நான் ஆத்தோரம் வயல் செய்யிறன். தம்பி, கயிறு பிடிச்சு அளந்து போட்டு எங்களிட்ட வராதேங்கோ, அதுக்கு முன்னம் வாங்கோ. எங்கட பக்கம் ஒருக்கா றோட்டுப் போட்டவை வயல் வாய்க்காலின்ர வாயை மூடிப்போட்டுப் போயிட்டினம், கதிர் வாற நேரம் தண்ணி வடியாம எனக்கு எட்டுப் பரப்பு அழுகிப் போச்சு, ஆரிட்டச் சொல்லியும் ஒண்டும் நடக்கேல்லை, இப்பவும் நினைச்சா வயிறு எரியும். எங்களுக்கு வருசத்தில ஒரு போகம்தான், தையில வெட்டுறது, அதால வேலையை மாசிக்குப் பிறகு தொடங்கி ஆவணி உழவுக்கு முதல் முடியுங்கோ. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் குழாய் வைக்க வேணும், உழவு மெசினும் வெட்டுமெசினும் இறங்க இடம் விட வேணும். வயல்காணியை நினைச்சபடி நிரப்பவும் ஏலாது, 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கு, கமநல சேவை நிலையத்தில எழுத்தில அனுமதி கேட்டு எடுங்கோ. விதானையாரிட்டயும் (கிராம சேவகர்) பிரதேச சபையிலயும் சொல்லி வையுங்கோ.

பின்னேர நடை:
பொம்பிளையள் நடக்கிறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, அதால நான் எழுதுறன். ரெண்டு கிலோமீற்றருக்கும் ரெண்டு அந்தத்தில மட்டும் வழி இருந்தா நான் தனிய வரமாட்டன். இடையில வாற ஒவ்வொரு ஒழுங்கையாலயும் ஏறி இறங்க விடுங்கோ, பத்தையை ரெண்டு பக்கமும் ஒரு மீற்றருக்கு வெட்டி வைச்சா ஆள் நிக்கிறதும் தெரியும் பாம்பு கிடக்கிறதும் தெரியும். லைற் ஒழுங்கை வாசலில மட்டும் காணும், இருட்ட முதல் எல்லாரும் வீட்டை போயிடுவம். நிக்கிற மருத மரத்தில ஒண்டையும் தறிக்காதேங்கோ, பாதைதான் சுத்திப் போக வேணும். மற்றது கந்தரோடை எண்டபடியால் சொல்லுறன், பழைய புத்த தூபியள் இருக்கிற ஊர், 1970 இல பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆக்களும் வந்து கிண்டிப் பார்த்த மண், தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்காம மண்வெட்டி வைக்க வேண்டாம்.

வாசிகசாலைப் பெடியன்:
எல்லாருக்கும் கனக்க நன்றி. ஒரு கரை, உயர்த்திறேல்லை, கிறவல் எண்டு கொமிற்றிக்கு இண்டைக்கே எழுதுறன். ஒழுங்கை வழியளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கமக்காரன் அண்ணை, வாற ஞாயிறு காலமை எங்களோட கரை நெடுக ஒருக்கா நடந்து எந்தெந்த வாய்க்கால் எங்க இறங்குது எண்டு காட்டுவீங்களோ?

கமக்காரன்:
வாறன் தம்பி. ஆறு மணிக்கு ஆத்து மதகுக்குப் பக்கத்தில நிக்கிறன். எங்கட அப்பரையும் கூட்டிக்கொண்டு வாறன், மூடின வாய்க்காலுகள் எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.