இந்த ஞாயிறு வகுப்பை யார் எடுப்பது?

குழு: எஸ்தர் பாட்டி வீட்டார்

வெள்ளிக்கிழமை

ஜெபா அக்கா (இரவு 7:42): எல்லாருக்கும் ஒரு விஷயம். கணுக்காலில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டாயிற்று. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம். வலி பரவாயில்லை, சபையில் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்புதான் கவலை. 23 பிள்ளைகள். நாளை மறுநாள் யாராவது எடுக்க வேண்டும்.

லிடியா அத்தை: ஐயோ! எப்படி?

ஜெபா அக்கா: படியில்.

லிடியா அத்தை: எந்தப் படி?

அப்பா: ஜெபித்துக்கொள்கிறோம் மா.

சாரா சித்தி: கர்த்தர் பூரண சுகம் தருவார். வகுப்புக்கு ஜெனி இருக்கிறாளே.

பென்னி: ஜெனி அக்கா! ஜெனி அக்கா!

நான்: சித்தி, நான் கைவேலை நேரத்தில் உதவி செய்கிறவள். கதை சொல்லிப் பழக்கமில்லை. அக்கா, இந்த வாரம் என்ன பாடம்?

ஜெபா அக்கா: வேதத்தில் ஆதியாகமம் 22. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போனது.

நான்: அந்தப் பாடமா?

ஜெபா அக்கா: அதுதான். வரிசைப்படி வருகிறது.

நான்: போன வருஷம் அதைக் கேட்டுவிட்டு ரூபன் நாலு நாள் தூங்கவில்லை. அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றினாலும் எட்டிப் பார்ப்பான். “என்னைக் கட்டுவீங்களா?” என்று கேட்டான். ஆறு வயது அப்போது.

லிடியா அத்தை: பிள்ளை பாவம்.

டேவிட் பெரியப்பா: ஸ்தோத்திரம். இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். மகள் ஜெபா என்னிடம் காலையிலேயே சொல்லிவிட்டாள். என் முழங்கால் இடம் கொடுத்தால் நானே போயிருப்பேன். சில காரியங்கள் சொல்கிறேன். பொறுமையாக வாசியுங்கள். இந்த வகுப்பு ஏதோ ஆராதனை நேரத்தில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைக்க வந்தது இல்லை. 1780-இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்கிற பத்திரிகைக்காரர் தொடங்கினார். வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். வேதத்தை வைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். ஆகவே இது ஆரம்பத்திலிருந்தே பிள்ளைகளுக்காக உண்டான இடம். அதை மனதில் வையுங்கள்.

பென்னி: பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு ஆள் வேண்டும்.

டேவிட் பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன்.

சாரா சித்தி: அந்த வண்ணப் புத்தகம் இருக்கிறதே, எழுத்தே இல்லாதது. அதை வைத்து ஒரு வாரம் ஓட்டிவிடலாம். கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பொன். பழைய பெட்டியில் கிடக்கிறது.

ஜெபா அக்கா: சித்தி, அதை நான் எடுப்பதில்லை.

சாரா சித்தி: ஏன்? லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் ஐயா 1866-இல் சொன்ன முறை அது, பொன் மட்டும் பின்னால் சேர்ந்தது. நல்ல முறை.

ஜெபா அக்கா: முறை நல்லதுதான். நான் முதல் பக்கத்தைக் காட்டி “கறுப்பு, அதுதான் நம் பாவம்” என்றேன். முன்னால் இருந்த ஒரு பெண் குழந்தை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. புறங்கை, உள்ளங்கை, மறுபடி புறங்கை. அப்புறம் கையை மடியில் ஒளித்துக்கொண்டது. எனக்கு மேற்கொண்டு பேச்சு வரவில்லை. அன்றோடு மூடி வைத்தேன்.

நான்: அக்கா.

லிடியா அத்தை: இதை நீ சொல்லவே இல்லையே.

ஜெபா அக்கா: யாரிடம் சொல்ல?

சாரா சித்தி: சரி மா. அது வேண்டாம்.

அப்பா: மனப்பாட வசனம் என்ன கொடுத்திருக்கிறாய்?

ஜெபா அக்கா: சங்கீதம் 23:1. போன வாரமே கொடுத்தது. கேட்டு முடிக்க வேண்டும்.

பென்னி: எல்லாரும் யோவான் 11:35 தான் சொல்லுவார்கள். “இயேசு கண்ணீர் விட்டார்.” நான் அதையே வைத்து மூன்று வருஷம் பரிசு வாங்கினேன்.

லிடியா அத்தை: அப்போதே எனக்குத் தெரியும்.

ஜெபா அக்கா: சங்கீதம் 23-இல் ஒரு சிக்கல், ஜெனி. “நான் தாழ்ச்சியடையேன்” என்று இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் “தாழ்ச்சியடைவேன்” என்று சொல்கிறார்கள். சத்தமாக, கண்ணை மூடிக்கொண்டு, நேர் எதிர் அர்த்தத்தில்! “அடையேன்” என்கிற அந்த மாதிரி மறுப்பை அவர்கள் எங்கேயும் கேட்டதில்லை. நாம் பேச்சில் அப்படிச் சொல்கிறோமா? முதலில் “எனக்கு ஒரு குறையும் வராது” என்று சொல்லிக்கொடு. புரிந்தபின் வசனத்தைச் சொல்லச் சொல்.

டேவிட் பெரியப்பா: அது 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. அந்தக் காலத்து நடை. ஆனால் வசனத்தை மாற்றிச் சொல்ல வேண்டாம். அந்த ஓசை மனதில் நிற்கும். எங்கள் அம்மா கடைசி நாட்களில் எங்கள் பெயரையே மறந்தார்கள், 23-ஆம் சங்கீதம் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.

அப்பா: ஆமாம் அண்ணே.

ஜெபா அக்கா: மாற்றச் சொல்லவில்லை அப்பா. அர்த்தம் முதலில் போகட்டும் என்கிறேன்.

லிடியா அத்தை: அம்மாவின் வேதாகமத்தில் அந்தப் பக்கம் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. நம் எல்லாருடைய பிறந்த தேதியும் முன்பக்கத்தில் இருக்கும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். இப்போது அது யாரிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

சாரா சித்தி: கேட்டால் தரமாட்டேன் என்று நான் என்றைக்காவது சொன்னேனா?

லிடியா அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லையே.

சாரா சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: அதை அப்புறம் பேசுவோம். ஜெபாவுக்குக் கால் வலிக்கிறது.

ஜெபா அக்கா: எனக்கு வலி இல்லை சித்தப்பா. வகுப்புக்கு ஆள்தான் இல்லை.

நான்: சரி, நான் எடுக்கிறேன். ஆனால் இந்தப் பாடத்தை எப்படிச் சொல்வது? மாற்றி வேறு கதை சொல்லலாமா? தானியேல், சிங்கக் கெபி?

பென்னி: தானியேல் சூப்பர். தசை எல்லாம் வைத்து ஒரு படம் இருக்கிறது.

டேவிட் பெரியப்பா: அந்தப் படத்தைக் காட்டாதே. சிங்கக் கெபியில் தானியேல் வாலிபன் இல்லை. சிறுவயதில் பாபிலோனுக்குப் போனவர், தரியு ராஜாவின் காலத்தில் எண்பதைத் தாண்டிய கிழவர். அதுதான் அந்தக் கதையின் அழகே! தாத்தா வயதில் ஒருவர், தினம் மூன்று வேளை முழங்காலில் நின்றவர், ஜெபத்தைத் தடுத்த சட்டம் வந்த அன்றும் ஜன்னலை மூடவில்லை. பிள்ளைகள் தங்கள் தாத்தாவை நினைத்துக்கொள்வார்கள். நாமே படம் பார்த்துப் படித்துவிட்டோம். யோனாவை விழுங்கியது “பெரிய மீன்”, திமிங்கிலம் என்று இல்லை. இயேசு பிறந்தபோது வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்றும் எழுதவில்லை, காணிக்கைதான் மூன்று வகை. ஏதேன் கனி ஆப்பிள் என்றும் எழுதவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து வசனத்தைத் திறந்து, “எங்கே இருக்கிறது, கண்டுபிடி” என்று விடுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

நான்: பெரியப்பா, ஈசாக்கு?

டேவிட் பெரியப்பா: வருகிறேன். முப்பது வருஷம் இந்தக் கதையை நான் ஒரே மாதிரி சொன்னேன். ஆபிரகாம் கீழ்ப்படிந்தான், நீங்களும் கீழ்ப்படியுங்கள். நாலு வயதுக்கும் அதுதான், பன்னிரண்டு வயதுக்கும் அதுதான். தவறு. அப்பா கத்தியோடு நிற்கிறார் என்பதற்கு மேல் நாலு வயதுப் பிள்ளை எதையும் கேட்காது. ஆகவே சின்னவர்களைத் தனியாகப் பிரி. அவர்களுக்கு 21-ஆம் அதிகாரம். அப்பாவுக்கு 100 வயது, அம்மாவுக்கு 90 வயது, அப்போது ஒரு குழந்தை. ஈசாக்கு என்றால் சிரிப்பு என்று அர்த்தம். சாராள் சிரித்தாள், கேட்கிற எல்லாரும் சிரிப்பார்கள் என்றாள். பத்து நிமிஷம் போதும். சிரித்துவிட்டு வண்ணம் தீட்டட்டும்.

ஜெபா அக்கா: இது நன்றாக இருக்கிறது அப்பா. எனக்கே தோன்றவில்லை.

நான்: பெரிய பிள்ளைகளுக்கு?

டேவிட் பெரியப்பா: மலைக்குப் போகலாம். ஆனால் பையனின் கேள்வியை விட்டுவிடாதே. விறகைச் சுமந்தது அவன்தான். “நெருப்பும் கட்டையும் இருக்கிறது, தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே?” அதை வாசித்துவிட்டு கொஞ்சம் நிறுத்து. அப்புறம் அதைத் தடுக்கத் தூதன் “ஆபிரகாமே, ஆபிரகாமே” என்று இரண்டு தடவை கூப்பிடுகிறான். அவசரம். அந்த அவசரத்தைக் குரலில் காட்டு. பிறகு எரேமியா 7:31 திற. ஜனங்கள் தங்கள் பிள்ளைகளை நெருப்பில் தகனித்ததைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். அதை நான் கட்டளையிடவுமில்லை, அது என் மனதில் தோன்றவுமில்லை என்கிறார். எந்தப் பிள்ளையாவது “எங்க அப்பாவிடம் இப்படிக் கேட்பாரா?” என்றால், “கேட்கமாட்டார்” என்று உடனே சொல். யோசிக்காதே. முதலில் அதைச் சொல், விளக்கம் பிறகு.

நான்: இதை ரூபனிடம் நாளைக்கே சொல்கிறேன்.

சாம் அண்ணன்: பெரியப்பா, ஒரு கேள்வி. மலையிலிருந்து இறங்கின பிறகு ஈசாக்கு அவன் அப்பாவோடு பேசினானா?

பென்னி: சாம் அண்ணன் உயிரோடு இருக்கிறார்!

அப்பா: பென்னி, சும்மா இரு.

டேவிட் பெரியப்பா (இரவு 9:20): சாம், இதே கேள்வியை நீ ஒன்பது வயதில் கேட்டாய். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். “அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, உட்கார்” என்றேன். பதிலை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை, அதுதான் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்து தேடினேன். 22:19-இல் ஆபிரகாம் வேலைக்காரரிடத்துக்குத் திரும்பினான் என்று இருக்கிறது. அந்த வசனத்தில் ஈசாக்கின் பெயர் இல்லை. அதற்குப் பிறகு இருவரும் பேசியதாக ஆதியாகமத்தில் ஒரு வரி கிடையாது. 25:9-இல் ஈசாக்கும் அவன் அண்ணன் இஸ்மவேலும் சேர்ந்து அப்பாவை அடக்கம் பண்ணுகிறார்கள், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு உன்னிடம் சொல்ல வேண்டும் என்று சீட்டில் எழுதி வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு நீ வரவில்லை.

லிடியா அத்தை: அண்ணே...

அப்பா: அதற்கு அடுத்த ஞாயிறும் நான் அனுப்பவில்லை. அதில் என் பிடிவாதமும் உண்டு.

டேவிட் பெரியப்பா: அறிந்தவன் மாதிரி நின்றேன். மன்னித்துக்கொள் சாம்.

சாம் அண்ணன்: சரி பெரியப்பா.

சாம் அண்ணன்: நான் அன்று சரியாகத்தான் கேட்டிருக்கிறேன் என்று தெரிந்ததே போதும்.

டேவிட் பெரியப்பா: மிகச் சரியாகக் கேட்டாய்.

சாரா சித்தி: வேதத்தில் லோவிசாள் பாட்டி, ஐனிக்கேயாள் அம்மா, அப்புறம் தீமோத்தேயு. நம் வீட்டிலும் எஸ்தர் அத்தையிடமிருந்துதான் எல்லாம் வந்தது. லிடியா, ஞாயிற்றுக்கிழமை அத்தையின் வேதாகமத்தை நான் எடுத்து வருகிறேன். பிள்ளைகள் பார்க்கட்டும்.

லிடியா அத்தை: முதுகு பிய்ந்திருக்கும். துணியில் சுற்றிக் கொண்டு வா.

சாரா சித்தி: போன வருஷமே ஒட்டிவிட்டேன்.

லிடியா அத்தை: அப்படியா. நான் பார்க்கவில்லை.

ஜெபா அக்கா: இரண்டு பிரிவு என்றால் ஜெனி மட்டும் போதாது. அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சின்னப் பிள்ளைகள் 8 பேர், பெரிய பிள்ளைகள் 15 பேர். ஆக நாலு பேர்.

பென்னி: நான் இருக்கிறேன்.

ஜெபா அக்கா: உனக்கு 17. பெரியவர்கள் என்றேன்.

நான்: சின்னவர்களிடம் சித்தியும் அத்தையும். பெரிய பிள்ளைகளிடம் நான். இன்னொருவர்?

சாரா சித்தி: நானும் லிடியாவும் ஒரே அறையிலா?

லிடியா அத்தை: எனக்கு ஒன்றும் இல்லை.

சாரா சித்தி: எனக்கும் இல்லை.

நான்: இன்னொருவர்? அண்ணா?

சாம் அண்ணன்: நான் சபைக்கு வந்து எத்தனை வருஷம்? என்னை எதற்கு?

ஜெபா அக்கா: கதை ஜெனி சொல்லுவாள். கேள்வி கேட்கிற பிள்ளை இந்த வகுப்பிலும் ஒன்று இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். கடைசி வரிசையில் உட்காரும், எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கும். அதன் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் போதும்.

சாம் அண்ணன்: பார்க்கிறேன்.

அப்பா: வா பா.

சாம் அண்ணன்: பார்க்கிறேன் என்றேனே அப்பா.

டேவிட் பெரியப்பா: ஜெனி, இன்னொரு காரியம். வசனம் சொல்லாத பிள்ளையை எழுப்பி நிற்க வைக்காதே. உன்னை நான் நிற்க வைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

நான்: எனக்கு மறந்தே போயிற்று பெரியப்பா.

நான்: மறக்கவில்லை. ஆனால் இப்போது வலிக்கவில்லை.

ஜெபா அக்கா: பீரோ சாவி என்னிடம் இருக்கிறது. யாராவது நாளை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வண்ணப் பென்சில் கீழ்த் தட்டில். பச்சை எல்லாம் தீர்ந்துவிட்டது.

பென்னி: நான் வருகிறேன். மாவுக்கட்டில் கையெழுத்தும் போட வேண்டும்.

லிடியா அத்தை: எந்தப் படியில் விழுந்தாய் என்று இன்னும் சொல்லவில்லையே?

சனிக்கிழமை

சாம் அண்ணன் (காலை 6:05): ஜெனி, வகுப்பு 9 மணிக்குத்தானே?