ஜேனியோட பேரிக்கா மரம் வெறும் காதல் மட்டும் தானா?

பரணிமேல்புத்தகம்:
அமெரிக்க கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் எழுதி 1937ல வெளிவந்த 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவல் எங்களுக்கு எம்ஏ பேப்பர்ல இருக்கு, போன வாரம் தான் படிச்சு முடிச்சேன். 16 வயசு ஜேனி பாட்டி வீட்டுல பூத்து நிக்கிற பேரிக்கா மரத்தடில படுத்துக்கிட்டு தேனீ பூவுக்குள்ள போறத பாத்து ஓ கல்யாணம்னா இது தானான்னு நெனைக்கிறா, அது வரைக்கும் ஓகே. அப்பறம் கோவேறு கழுதை, தலைத்துணி, தொடுவானம்னு வந்துக்கிட்டே இருக்கு. கிளாஸ்ல மரம்னா காதல், தொடுவானம்னா சுதந்திரம்னு ரெண்டே வரில முடிச்சுட்டாங்க. மூணு கல்யாணம் பண்ணவ கதைல ரெண்டையும் அப்டி தனியா பிரிக்க முடியுமா?

சாயங்கால_டீ:
கழுதைலேந்து ஆரம்பிங்க. பாட்டி அடிமையா பொறந்தவ, உலகத்துச் சுமையெல்லாம் கறுப்பினப் பொம்பள முதுகுல தான் ஏத்துறாங்க, கழுதை மாதிரின்னு சொல்றா. பேத்திக்கு அந்த கதி வரக்கூடாதுன்னு தான் 60 ஏக்கர் வச்சிருக்கிற லோகன் கில்லிக்ஸுக்கு கட்டி வைக்கிறா, ஆனா அவன் என்ன பண்றான், ஜேனியும் ஏர் ஓட்டட்டும்னு ரெண்டாவது கழுதை வாங்க கெளம்புறான்!! அடுத்த புருஷன் ஜோ ஸ்டார்க்ஸ். ஊர்க்காரன் ஒருத்தன் பட்டினி போட்டு வச்சிருந்த கழுதைய காசு குடுத்து வாங்கி சும்மா மேய விடுறான், ஊரே ஆஹா ஓஹோங்குது. அதே ஆளு பொண்டாட்டிய கடை வாசல்ல நாலு பேரு பேசுற எடத்துல வாயத் தெறக்க விடல, முடிய எவனும் பாக்கக் கூடாதுன்னு துணி கட்ட வைக்கிறான். அவன் செத்ததும் கண்ணாடி முன்னாடி துணிய அவுத்து முடிய பாத்துட்டு, திரும்ப கட்டிக்கிட்டு தான் ஊரக் கூப்புடுறா. எழவு முடிஞ்ச ராத்திரி அத்தன துணியையும் எரிச்சுடுறா. எனக்கு மரத்த விட இந்த துணி தான் பெருசு.

ஏரிக்கரை_1928:
மேல சொன்னது சரி, ஆனா எல்லாரும் மூணாவது புருஷன் 'டீ கேக்'க மட்டும் பூப்போட்டு வரவேற்கிறீங்க. அவனும் அவள அடிச்சான், அதுவும் இவ என்னோடவன்னு ஊருக்கு காட்ட. அத தாண்டிப் போயி அவன் தான் அந்த தேனீன்னு எழுதினா எனக்கு ஒத்துக்க முடியல. அதே சமயம் அவன் தான் அவளுக்கு செக்கர்ஸ்னு காய் நகர்த்துற பலகை ஆட்டம் ஆட சொல்லிக் குடுத்தான், ஜோ அவ புத்திக்கு அதெல்லாம் ஏறாதுன்னு ஒதுக்கி வச்சிருந்தது. துப்பாக்கி சுடவும் அவன் தான் பழக்குனான். 1928ல ஃப்ளோரிடாவோட ஓகிச்சோபீ ஏரி ஒடச்சுக்கிட்டு வந்த புயல்ல (நெசமா நடந்தது, 2,500 பேருக்கு மேல செத்தாங்க) அவள காப்பாத்தப் போயி வெறிநாய்கிட்ட கடி வாங்குறான், கடைசில அவனே வெறி முத்தி துப்பாக்கிய நீட்டுறப்ப அவன் பழக்குன கையால தான் அவ சுட வேண்டியதா போச்சு. காதல் எது சுதந்திரம் எதுன்னு அந்த ரூம்ல நின்னு பிரிச்சுப் பாருங்க பாப்போம்.

ஈட்டன்வில்_ரசிகை:
ஒண்ணு சேத்துக்கறேன், காசு. ஜோ விட்டுட்டுப் போன வீடும் பணமும் இல்லன்னா ஜேனி திரும்பி வந்து உக்கார எடமே இருந்திருக்காது, இத யாருமே பேச மாட்டாங்க. அப்பறம் ஜோவோட கடை இருக்கிற ஈட்டன்வில் கற்பனை ஊர் இல்ல, ஃப்ளோரிடால 1887ல கறுப்பின மக்களே உருவாக்குன ஊரு, ஹர்ஸ்டன் வளந்ததே அங்க தான், அவங்க அப்பா அங்க மேயரா இருந்தவரு. அந்த கடைவாசல் பேச்சு அவ்ளோ உசிரோட இருக்கிறது அதனால தான். இத்தனைக்கும் ஹைத்தில உக்காந்து ஏழே வாரத்துல எழுதிட்டாங்க.

பரணிமேல்புத்தகம்:
எல்லாருக்கும் நன்றிங்க. தொடுவானத்த இப்ப திரும்பப் போயி பாத்தேன். பாட்டி அத சுருக்கி பேத்தி கழுத்துல இறுக்கி கட்டிட்டான்னு நடுவுல ஒரு எடத்துல வருது, கடைசி பக்கத்துல அதே தொடுவானத்த மீன்வலை மாதிரி இழுத்து தோள்ல போட்டுக்கிறா. முதல் தடவ ரெண்டையும் சேத்துப் பாக்கவே இல்ல. அப்பறம் டீ கேக் வீட்டுலேந்து எல்லாத்தையும் குடுத்துட்டு ஒரு பொட்டலம் விதை மட்டும் எடுத்துட்டு வர்றாளே, அது என்ன விதை?

சாயங்கால_டீ:
அவன் நடுறதுக்கு வாங்கி வச்ச தோட்டத்து விதைன்னு தான் இருக்கு. பேரிக்கா இல்ல 😄