65 வயது தாண்டிய பெண்களின் டெலோமியர் நீளமும் நினைவாற்றலும்: ஒரே சாம்பிள் பிளேட்டுக்குப் பிளேட் ஏன் மாறுகிறது?

கேள்வி | நுண்குழல்
ரத்த வெள்ளணுவின் டெலோமியரை (குரோமோசோம் நுனியில் உள்ள, வயதோடு தேயும் டிஎன்ஏ) கியூபிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கி அளவிடும் முறை) அளந்து, டி/எஸ் விகிதத்தை (டெலோமியர் அளவை ஒற்றைப் பிரதி மரபணுவின் அளவால் வகுத்தது) மோகா என்ற அறிவாற்றல் சோதனையின் மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரே சாம்பிள் மூன்று பிளேட்டில் (பல குழிகள் கொண்ட சோதனைத் தட்டு) 0.82, 0.94, 0.77 என்று வருகிறது. வயதோடுகூடத் தொடர்பு தெரியவில்லை. கோளாறு டிஎன்ஏவிலா, பிளேட்டிலா?

பதில் | வடிநீர்
அந்த மூன்று எண்களின் மாறுபாடே சுமார் 10%. எழுபது வயதில் டெலோமியரின் சராசரி நீளம் ஏறத்தாழ 6,000 முதல் 7,000 பேஸ் ஜோடி (டிஎன்ஏ நீளத்தின் அலகு). ஆண்டுக்குக் குறைவது 20, 30 ஜோடிதான். பத்து ஆண்டுக்கும் சேர்த்து 3–5% தேறும். உங்கள் பிழை அதை அப்படியே விழுங்கிவிடுகிறது. வயதே தெரியாதபோது நினைவாற்றல் எப்படித் தெரியும்?

முதலில் டிஎன்ஏ. பாதி சாம்பிள்களின் டிஎன்ஏவை வடிகுழல் (column) கிட்டிலும் மீதியை பீனால் என்ற ரசாயனத்தாலும் பிரித்திருந்தால் இரண்டையும் சேர்க்கவே கூடாது, பிரிக்கும் முறையே டி/எஸ்ஸை மாற்றும். தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8–2.0 இருக்கட்டும். ஒவ்வொரு குழியிலும் ஒரே அளவு, 10 அல்லது 20 நானோகிராம், மூன்று பிரதி.

ஒவ்வொரு பிளேட்டிலும் ஐந்து புள்ளி ஸ்டாண்டர்ட் கர்வ் (அளவு தெரிந்த டிஎன்ஏவை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) போடுங்கள். டெலோமியர், 36பி4 (ஒப்பிட உதவும் ஒற்றைப் பிரதி மரபணு) இரண்டின் எஃபிஷியன்சியும் (ஒவ்வொரு சுற்றிலும் பெருகும் திறன்) 90–110%க்குள், ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும். ஒரே கன்ட்ரோல் டிஎன்ஏ எல்லாப் பிளேட்டிலும் போகட்டும். மறதி உள்ளவர்களை ஒரு பிளேட்டிலும் மற்றவர்களை இன்னொன்றிலும் வைத்தால் பிளேட் வித்தியாசமே நோய் வித்தியாசமாகத் தெரியும். கலந்து வையுங்கள். டிஎன்ஏ தாராளமாக இருந்தால் நீளத்தை நேரடியாக அளக்கும் சதர்ன் பிளாட் முறையே மேல். ஆளுக்கு ஓரிரு மைக்ரோகிராம் வேண்டும்.

பதில் | திண்ணைப்பள்ளி
மோகாவையும் சந்தேகப்படுங்கள். அதில் கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொல்கிறோம். பென்சிலே பிடித்துப் பழகாத பாட்டி, ஒரு சதுரம் போட்டுவிட்டு நிறுத்திவிடுவார். அது மறதி அல்ல. 12 ஆண்டு வரை படித்தவர்களுக்குக் கூட்டும் 1 மதிப்பெண் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. படித்த ஆண்டுகளைத் தனி மாறியாகச் சேருங்கள். எழுத்தறியாதவர்களுக்கு ஹரியானாவின் பல்லப்கரில் உருவான ஹெச்எம்எஸ்இ (இந்தி மனநிலைச் சோதனை) பொருத்தம். காது கேட்கிறதா என்று பார்த்த பிறகே நினைவில் வைக்கச் சொல்லும் சொற்பட்டியலை வாசியுங்கள்.

அமெரிக்காவில் 1976இல் 1,21,700 செவிலியரோடு தொடங்கிய நர்சஸ் ஹெல்த் ஸ்டடி என்ற ஆய்வில் இந்தச் சிக்கல் குறைவு: எல்லோரும் செவிலியர் படிப்பு முடித்தவர்கள். எழுபது தாண்டியவர்களுக்குத் தொலைபேசியிலேயே சோதனை நடந்தது, வரையும் வேலையே இல்லை.

பதில் | வடிநீர்
இன்னொன்று. நீளத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி பிறவியிலேயே வந்தது. ஒருமுறை மட்டும் அளந்தால் தேய்மானத்தை அளந்ததாக ஆகாது. அதே ஆளிடம் சில ஆண்டு கழித்து மறுபடி எடுத்து, இரண்டு சாம்பிளையும் ஒரே பிளேட்டில் ஓட்ட வேண்டும். காய்ச்சல், தொற்று இருந்தால் வெள்ளணுக் கலவையே மாறும், எனவே அன்றே டிஃபரென்ஷியல் கவுன்ட் (வெள்ளணு வகைகளின் எண்ணிக்கை) எடுங்கள். முக்கியமாக, நரம்பணுக்கள் பிரிவதில்லை. ரத்தத்தின் நீளத்தை மூளையின் நீளம் என்று எழுதிவிடாதீர்கள்.

நுண்குழல்
நன்றி. சில சாம்பிள்கள் ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் உள்ளன. சேர்க்கலாமா?

வடிநீர்
வேண்டாம். ஹெபாரின் பிசிஆரைத் தடுக்கும். உறைதலைத் தடுக்கும் இன்னொரு பொருளான இ.டி.டி.ஏ உள்ள குழாயில் எடுத்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.