மலைக் குடியிருப்பில் வாலண்டியராகப் போன முதல் மாதம்: இன்னும் மனதில் நிற்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தேவாலா மழை:

நானே ஆரம்பிக்கிறேன். நான்கு மாதமாக உறுத்துகிறது.

ஊர் திருப்பூர். ஜூன் முதல் வாரம் நீலகிரியில் பந்தலூர் பக்கம், பணியர் என்ற பழங்குடி மக்களின் காலனி ஒன்றுக்கு மாலை வகுப்பு எடுக்கப் போனேன். இடத்தை விவரிக்க வேண்டாம், அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தேயிலைக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதை, கடைசி பஸ் போனால் போனதுதான், செப்டம்பர் வரை துணி காயாது. ஒரு பாட்டி வீட்டை ஒட்டிய சின்ன அறையில் தங்கல்.

பதினோராவது நாள் ராத்திரி. பலா பழுக்கிற காலம். வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தில் கைக்கு எட்டிய காய்களை எல்லாம் பாட்டியின் மகன் முன்பே வெட்டி இறக்கிவிட்டார், உச்சியில் இரண்டோ மூன்றோ நின்றுவிட்டன. பத்தரை மணி இருக்கும், கிளை முறிகிற சத்தம். என்னவென்று யோசிக்காமல் டார்ச்சை அடித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். வெளிச்சம் ஒரு கால் மேல் விழுந்தது. கால் மட்டும்தான் தெரிந்தது. முழங்கால் வரை சேறு, நகங்களுக்கு நடுவில் பலாச்சுளை நசுங்கி ஒட்டியிருந்தது. பத்தடிகூட இருக்காது.

பின்னாலிருந்து பாட்டியின் கை வந்து டார்ச்சின் கண்ணாடியைப் பொத்தியது. விளக்கு உள்ளங்கைக்குள் எரிந்துகொண்டே இருந்தது, விரல் இடுக்கெல்லாம் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. பொத்தானை அணைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவர் அப்படியே நின்று, தாழ்ந்த குரலில், வெளியே நின்றதைப் பார்த்துப் பேசினார். அவர்கள் பேச்சு மலையாளம் மாதிரி காதில் விழும், ஆனால் பிடிபடாது. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் 'போய்வாங்க' என்று சொல்லும் தொனி. அது போனது.

காலையில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். அன்று மாலை வகுப்பில், 'நேற்று யானை வந்ததே, அதைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்' என்றேன். பதினான்கு பிள்ளைகளில் ஒருவரும் பென்சிலைத் தொடவில்லை. மறுநாள் வந்தது நான்கு பேர். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், ஒரு பையன் மட்டும் இன்றுவரை வரவில்லை. பாட்டி எப்போதும்போல் காலையில் பால் சேர்க்காத கட்டன்சாயா கொடுக்கிறார். நான் செய்தது என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

பெரியகுளத்துக்காரன்:

நமக்குப் பழனி மலைப் பக்கம். மருத்துவ முகாமுக்கு ஆள் சேர்க்கிற வேலையா வெள்ளகெவியில ஒரு மாசம் இருந்தேன். கும்பக்கரையில இருந்து ஏறுற பாதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். நான் போனப்ப ரோடு கிடையாது, அரிசி மூட்டையெல்லாம் குதிரை முதுகுலதான் வரும். ஊருக்குள்ள யாரும் செருப்புப் போடமாட்டாங்க, ஊரே சாமிக்குன்னு இருக்கிற ஊரு. இது எனக்கு முன்னாடியே தெரியும். எல்லையிலயே ஷூவைக் கழட்டிட்டேன், அதுல குறையே வைக்கல.

ஆறாம் நாள் ராத்திரி நல்ல மழை. கால்ல கொப்புளம் உடைஞ்சு சீழ் வச்சிருந்தது. வெளிய போக வேண்டிய அவசரம், சேத்துல வெறுங்கால வைக்க முடியல. இருட்டுல யார் பாக்கப் போறாங்கன்னு ஷூவை மாட்டிக்கிட்டுப் போய்ட்டு வந்துட்டேன். விடியக்காலையில முழிப்பு வந்து எட்டிப் பாத்தா, நான் தங்கின வீட்டு அக்கா கோயிலுக்கு முன்னாடி குனிஞ்சு விளக்குமாறால பெருக்கிட்டு இருந்தாங்க. மழை நின்ன ஈரத்துல யாரும் வாசல் பெருக்கமாட்டாங்கல்ல? கிட்டப் போய்ப் பாத்தா என் ஷூத் தடம். ஒவ்வொண்ணா அழிச்சுட்டு இருந்தாங்க, ஊர் முழிக்கிறதுக்குள்ள.

என்னைப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. மிச்சத் தடத்தையும் அழிச்சுட்டு உள்ள போய், மஞ்சளும் வேப்பெண்ணெயும் சூடு பண்ணி எடுத்துட்டு வந்து, காலை நீட்டுங்க தம்பின்னாங்க. ஏழு வருசம் ஆச்சு. அந்த விளக்குமாறு சத்தம் இப்பவும் கேக்குது.

கோத்தகிரி ஓய்வு ஆசிரியர்:

தேவாலா மழை அவர்களுக்கு. வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஜூனில் போனதே முதல் தவறு. மொழி தெரியாமல் போனது இரண்டாவது. பழங்குடி மொழியை மூன்று மாதமாவது படித்துவிட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. 1990களில் குன்னூர்ச் சரிவில் குறும்பர் ஊர் ஒன்றில் எழுத்தறிவு வகுப்பு எடுத்தேன். பாறைத்தேன் எடுப்பதைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். கீழே தொங்குபவரின் கயிற்றை மேலே காத்து நிற்பது அவருடைய மச்சான்தான், மனைவியின் உடன்பிறந்தவர். தன் தங்கை தாலி அறுக்க விடமாட்டான் என்று காரணம் சொன்னார்கள். நான் கேமராவை வைத்துக்கொண்டு, 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள்' என்று கத்தினேன். மேலே நின்ற மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை போதும். படத்தை நான் கழுவவே இல்லை.

புதிதாகப் போகிறவர்கள் இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பழனி மலையில் அக்டோபர், நவம்பரில்தான் வலுக்கும். நீலகிரி மழையை லேசாக எண்ண வேண்டாம்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. பாதை அடைபட்டால் இரண்டு மூன்று நாள் வெளியே வர முடியாது என்ற கணக்கில் போங்கள். அட்டை கடித்தால் பிடுங்கி இழுக்காதீர்கள், நகத்தால் ஓரத்தை மெல்ல நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் உறையவிடாத ஒன்றை அது கடிவாயில் விடுவதால்தான் விழுந்த பிறகும் கசிகிறது, பயம் வேண்டாம். காலுறைக்கு மேல் புகையிலைத் தண்ணீர் தடவலாம். காட்டிலிருந்து வந்ததும் உடம்பெல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், காய்ச்சல் வந்தால் காட்டுக்குள் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள், ஊர்க்காரரே கூட்டிப் போனாலும் சரி. முதுமலை வழியாக மைசூர் போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதை நம்பிக் கிளம்பி நடுவழியில் நிற்க வேண்டாம்.

முக்கியமாக ஒன்று. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நீங்களே கொண்டுபோய்ச் சமைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டில் கை நனைக்காதீர்கள். இருப்பதே கொஞ்சம், அதில் நாம் பங்கு கேட்கலாமா?

மசினகுடி நண்பன்:

அட்டைக்கு உப்புதான் சார். புகையிலைத் தண்ணி ரெண்டு மழையில கழுவிட்டுப் போயிடும்.

சுகாதாரப் பணியில் 12 வருடம்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். 'பழங்குடி மொழி' என்று ஒன்று இல்லை ஐயா. நீலகிரியில் மட்டும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு மக்கள். குறும்பருக்குள்ளேயே பெட்டக்குறும்பர் பேச்சு வேறு, முள்ளுக்குறும்பர் பேச்சு வேறு. கூடலூரில் ஒரே சரிவில் மேலே ஒரு பேச்சு, கீழே ஒரு பேச்சு. அந்தப் பெண் எதை, எந்தப் புத்தகத்தில் படித்துவிட்டுப் போவது? அங்கே உட்கார்ந்துதான் காது பழக வேண்டும்.

நான் வாலண்டியராகச் சேர்ந்த முதல் மாதம். எங்கள் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எழுந்தே நிற்கமாட்டான், ஓடமாட்டான், மழை நாளில் வரவே மாட்டான். சோம்பேறி என்று நானும் சொன்னேன், அவன் காதுபடச் சொன்னேன். ஒருநாள் திட்டிக் கூட்டிவரலாம் என்று வீட்டுக்கே போனேன். அடுப்புப் பக்கத்தில் படுத்திருந்தான். அவன் அம்மா ஒரு துணியை அடுப்புக் கல்லில் ஒற்றி ஒற்றி அவன் கெண்டைக்காலில் வைத்துக்கொண்டிருந்தார். அவன் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தான். கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

சிக்கிள் செல். ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, சின்னக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். குளிர், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, காய்ச்சல், அதிக அலைச்சல் எது வந்தாலும் எலும்புக்குள் வலி எடுக்கும். இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-ல். அதற்கு இத்தனை வருடம் கழித்துப் போன எனக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது. தாய் தகப்பன் இருவருமே, தங்களுக்கு நோய் இல்லாமலே இதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையும் இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் வலி வருவது குறையும். ரத்தசோகை என்று நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பரிசோதனை.

கூடலூர் பக்கம் போகிற எந்த வாலண்டியரும் 'சோம்பேறி' என்ற சொல்லை வாயில் எடுக்கும் முன்பு இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் பிறகு மருந்தில் தேறினான். ஆனால் நான் சொன்ன சொல்லை அவன் மறந்திருப்பானா என்று எனக்குத் தெரியாது.

காலனிப் பிள்ளை:

நான் போனவள் இல்லை, வந்தவர்களைப் பார்த்தவள். எங்கள் காலனியில் கல்லூரி வரை போனவர்களில் நான் ஒருத்தி.

ஆசிரியர் ஐயா, வீட்டில் கை நனைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு டீச்சர் வந்தார். முதல் நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கி வடித்தார், ஆற்று மீன் குழம்பு. எங்களுக்குத் தட்டு மூன்றுதான், நல்ல தட்டை விளக்கி அவருக்கு வைத்தோம். டீச்சர் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, 'எனக்குப் போதும், பிள்ளைகளுக்குக் கொடுங்கள்' என்று தள்ளி வைத்தார். எங்களிடம் இருப்பது கொஞ்சம் என்று யோசித்துத்தான் செய்திருப்பார், இப்போது தெரிகிறது. அன்றைக்கு அம்மாவுக்கு அது தெரியாது. அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் தொட்டது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். எங்கள் தாத்தா காலத்தில் பண்ணையில் கூலியாக நெல்லை வாங்கி, வாசலுக்கு வெளியே நின்று சாப்பிட்டவர்கள் நாங்கள். 'போதும்' என்ற சொல் எங்கள் காதில் வேறு மாதிரி விழும். அந்த டீச்சர் நல்லவர். இரண்டு வருடம் இருந்தார். அம்மா அவரை மறுபடி சாப்பிடக் கூப்பிடவே இல்லை.

தேவாலா மழை அக்கா, உங்களுக்கு ஒன்று. அந்தப் பாட்டி கோபப்பட்டிருந்தால் கட்டன்சாயா வந்திருக்காது. வராமல் இருக்கும் பையன் வீட்டில் யார் இல்லை என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

பெரியகுளத்துக்காரன்:

தங்கச்சி சொன்னதைப் படிச்சிட்டு, அந்த அக்காவுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லாம இறங்கி வந்தது ஞாபகம் வந்துருச்சு. பொங்கலுக்கு ஏறிப் போய்ட்டு வரேன்.

தேவாலா மழை:

சிக்னலுக்காக மேட்டு ரோட்டுக்கு வந்து எழுதுகிறேன். நேற்று பாட்டியிடம் கேட்டேன். அவன் அப்பா. இரண்டு வருடம் முன்பு, எஸ்டேட் வேலை முடிந்து இருட்டில் திரும்பும் வழியில்.

அன்று வகுப்பில் 'நாலு வரி எழுதுங்கள்' என்று சொன்னபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது அவன்தான். எழுதாமல் இருக்கிறானே என்று அவன் நோட்டை நான் திறந்து வைத்தேன். பேனா மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தேன்.

பாட்டி எதுவும் சொல்லாமல் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, என்னை அவன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவன் உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை. பாட்டியும் அவன் அம்மாவும் வெகுநேரம் பேசினார்கள், எனக்கு நான்கைந்து சொல்தான் புரிந்தது. கிளம்பும்போது அவன் அம்மா என்னிடம் தமிழில், 'நாளைக்கு இங்க சாப்பிடுங்க டீச்சர்' என்றார்.

அங்கே என்ன பேசுவது என்று தெரியவில்லை. போகிறேன்.